அடங்கிவிடும் என்று சொன்னவர்

நீரஜா அடையாறில் ஒரு கல்லூரியில் உலக அரசியல் பாடம் நடத்துபவர். ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் ஒரு செய்திச் சேனல் அவரைக் கூப்பிட்டு, வரும் வருடம் எங்கே போர் மூளும், எங்கே ஓயும் என்று கேட்கும். மற்றவர்கள் பூசி மெழுகுவார்கள். நீரஜா நறுக்கென்று சொல்வார். பலமுறை அப்படியே நடந்தும் இருக்கிறது. காய்கறிக் கடையில்கூட, "மேடம், பெட்ரோல் ஏறுமா?" என்று நிறுத்திக் கேட்பார்கள்.

அந்த வருடம், செங்கடலில் கப்பல்களைத் தாக்குவது பிப்ரவரிக்குள் அடங்கிவிடும் என்றார். இரண்டு பக்கமும் களைத்துவிட்டன என்று காரணமும் சொன்னார்.

பொங்கலன்று மந்தைவெளியில் தம்பி ராம்குமார் வீட்டில் சாப்பாடு. அவன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். மனைவி லாவண்யா வடை பரிமாறிக்கொண்டிருந்தபோது கேட்டான்:

"அக்கா, ஏப்ரல்ல அந்த வழியாத்தான் போறோம். டிவிக்குச் சொன்னதை விடு. எனக்குச் சொல்லு, போலாமா?"

"தாராளமா போ. அதுக்குள்ள எல்லாம் அடங்கிடும்."

லாவண்யாவின் முகம் தெளிந்தது.

அடங்கவில்லை. ஏப்ரலில் ஓர் ஏவுகணை அவன் கப்பலின் இன்ஜின் அறையில் விழுந்தது. மேல்தளத்தில் இருந்தவர்களைப் படகில் மீட்டார்கள். ராம்குமாரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

"நான்தானே போகச் சொன்னேன்" என்று நீரஜா அழுதார்.

"இல்லக்கா," என்றாள் லாவண்யா. "அவர் முன்னாடியே அந்தப் பயணத்துக்கு ஒத்துக்கிட்டார். என் பயம் போகணும்னுதான் என் எதிர்ல உங்களைக் கேட்டார்."

அதைக் கேட்டு நீரஜாவுக்கு இன்னும் அழுகை வந்தது.

மாதங்கள் போயின. "யாராவது பிடிச்சு வெச்சிருப்பாங்களா? அந்த ஊர் விவகாரம் உங்களுக்குத் தெரியுமே" என்று லாவண்யா கேட்டுக்கொண்டே இருந்தாள். நீரஜா தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். பிழைத்து வந்த மாலுமி ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசினார். பிறகு லாவண்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அவன் வரமாட்டான்மா. கீழே இருந்தவங்க யாருமே தப்பலை. நிச்சயமாத்தான் சொல்றேன்."

"பொங்கல் அன்னிக்கும் இப்படித்தான் நிச்சயமா சொன்னீங்க."

லாவண்யாவின் குரலில் கோபம் இல்லை. ஆசைதான் இருந்தது.

டிசம்பரில் சேனல் கூப்பிட்டபோது வரவில்லை என்றார். காரணம் கேட்டார்கள். "எனக்குத் தெரியலை" என்று போனை வைத்துவிட்டார்.

லாவண்யா திதி கொடுக்க விடவில்லை. கப்பல் தாக்கப்பட்டு ஒரு வருடம் ஆன அன்று நீரஜா தன் வீட்டில் தனியாக ஒரு விளக்கேற்றித் தம்பிக்காக அழுதார். முகம் கழுவிக்கொண்டு மாலையில் மந்தைவெளிக்குப் போனார். லாவண்யா காபி கொடுத்தாள். விளக்கேற்றியதைச் சொல்லாமல் நீரஜா குடித்தார்.