கிணற்றில் இறக்கிய இரத்தம்

இரத்தம் சோதிக்கிறவனின் தொழில், மற்றவனுடைய பயத்தை அளந்து ஒரு துண்டுக் கடதாசியில் இலக்கமாக எழுதிக் கொடுப்பது. அந்தத் துண்டுக்காக வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். உள்ளே வெள்ளைக் கோட்டுடன் நின்றவன் நிம்மதியாக இருந்தான் என்று மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆய்வுகூடம் யாழ்ப்பாண நகரத்தை விட்டு இடம்பெயர்ந்து, கோப்பாயில் ஒரு வீட்டு விறாந்தையில் நடந்துகொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. ஐஸ் இல்லை. பொறுமை என்னிடம் அதற்கு முன்பும் இருந்ததில்லை.

வழி தெரியுமோ?

புரொஸ்ரேற் புற்றுநோய்க்காரரின் இரத்தத்தில் அசிட் பொஸ்பற்றேஸ் என்று ஒன்றை அளப்போம். அது ஏறினால் நோய் ஏறுகிறது, இறங்கினால் மருந்து வேலை செய்கிறது. இதைவிட நல்ல சோதனை கொழும்பில் வந்துவிட்டது என்று கேள்வி. கொழும்பு அப்போது எங்களுக்குச் சந்திரமண்டலம்.

இந்த நோய்க்காரர் எவரும் என்ன வருத்தம் என்று தாமாகச் சொல்லமாட்டார்கள். கரவெட்டியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "நாரி நோகுது" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. மிச்சத்தை மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் கையில் றப்பர் பட்டியைக் கட்டி நரம்பைத் தேடும்போதுதான் மனிதருக்குப் பேச்சு வந்தது.

"தம்பி, வருத்தம் இருக்கிறது கீழை. நீர் கையிலை குத்துறீர். உமக்கு வழி தெரியுமோ?"

தேத்தண்ணீர் வேண்டாம்

காலையில் எடுக்கும் இரத்தத்தைக் கையால் சுற்றும் இயந்திரத்தில் போட்டுத் தெளிய வைப்போம். ஆனால் நிறம் பார்த்து அளக்கும் கருவிக்குக் கரண்ட் வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரைப் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் போடுவோம். அதுவரை அந்தக் குப்பிகள் குளிரில் இருந்தாக வேண்டும். நான் சொன்ன அசிட் பொஸ்பற்றேஸ் வெக்கை தாங்காது. வெக்கையில் வைத்தால் தானாகவே அழிந்துபோகும். அதைக் காப்பாற்றச் சேர்க்கும் மருந்தும் முடிந்து நெடுநாள்.

எங்களோடு வேலை செய்த புவனேஸ் அக்காதான் வழி கண்டுபிடித்தார். குப்பிகளை இறுக மூடி, வாளிக்குள் அடுக்கி, கிணற்றுக்குள் பாதி வாளி தாழும்வரை இறக்கிக் கயிற்றைத் தூணில் கட்டிவிடுவார். யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்குக் கரண்ட் தேவையில்லை. நான் மட்டும் பத்து நிமிடத்துக்கொரு தரம் போய் எட்டிப் பார்ப்பேன். "நீ பார்த்தால் தண்ணி கூடக் குளிருமோ?" என்பார் அக்கா.

ஒருநாள் சலரோகத்துக்கு இரத்தத்தில் சீனி பார்க்க வந்த வாத்தியார் ஒருவர் இந்தக் காட்சியைக் கண்டார். அக்கா அவர் முன் ஒரு கோப்பை தேத்தண்ணீரை நீட்டினார். அவர் கோப்பையையும் பார்த்தார், கிணற்றையும் பார்த்தார்.

"குறை நினையாதையுங்கோ பிள்ளை, நான் வீட்டை போய்க் குடிக்கிறன்."

கத்தியா, குலையா

நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருந்த கனகசபை ஐயா இதே நோயோடு மாதத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் வருவார். முதல் இலக்கம் ஒன்பது, பிறகு பத்து, பிறகு பதினொன்று. மூன்றையும் சுவர்க் கலண்டரில் எழுதி வைத்திருந்தார். நோய்க்குத் தீனி போடுவது விதைகள்தான், அவற்றை எடுத்துவிட வேண்டும் என்றார் சத்திரசிகிச்சை வைத்தியர். ஐயா மாட்டேன் என்று நின்றார். கடைசியில் ஒரு உடன்பாடு: இரண்டு மாதம் பெண் ஹோர்மோன் குளிசை போடுவது, இலக்கம் இறங்கினால் கத்தி வேண்டாம், இறங்காவிட்டால் மறுபேச்சில்லாமல் சத்திரசிகிச்சைக் கட்டிலில் ஏறுவது.

குளிசை அவரைப் படாத பாடு படுத்தியது. மார்பு வீங்கி, சட்டை பட்டாலே நோகுது என்றார். இரண்டு மாதம் முடிந்து இரத்தம் கொடுக்க வந்த காலை, என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். பயத்தைப் பகிடியாக்கினார்.

"இலக்கம் இறங்கினால் உமக்குக் கதலிக்குலை, ஏறினால் எனக்குக் கத்தி. யோசிச்சு எழுதும், தம்பி."

எல்லாருக்கும் சுகம்

அன்று அவருடையதையும் சேர்த்து நாலு பேரின் குப்பிகள் கிணற்றில் இருந்தன. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மணிக்கே போய் வாளியைத் தூக்கிக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தேன். வைத்த கையோடு குண்டுபோடும் பொம்பரின் இரைச்சல். எல்லோரும் பங்கருக்குள் பாய்ந்தோம். அது வட்டமடித்து வட்டமடித்துப் போக ஒன்றரை மணித்தியாலம். மேலே வந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன், ஜெனரேற்றரைப் போட்டேன், அளந்தேன். ஐயாவுக்கு ஐந்து. கரவெட்டித் தபாலதிபருக்கும் பாதியாகக் குறைவு. மற்ற இருவருக்கும் அப்படித்தான். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. துண்டுகளில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். வாசலில் காத்திருந்த ஐயா தன்னுடையதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அடுத்தநாள் காலை அக்கா குப்பி கழுவிக்கொண்டிருந்தார். நேற்றைய நல்ல செய்தியை இன்னொரு தடவை சொன்னேன். அவர் கழுவுவதை நிறுத்தி, வாளி இருந்த இடத்தைப் பார்த்தார். அந்தக் கிணற்றுக் கட்டின் மேல் மத்தியானம் முழுக்க வெயில்.

"நாலு பேருக்கும் ஒரே நாளிலை சுகம் வருமோ, தம்பி? கோயிலிலையும் அப்பிடி நடக்கிறேல்லை."

நீர்வேலிக்குப் போனது

இலக்கத்தை இறக்கியது மருந்தில்லை, நான் குப்பிகளை வைத்த வெயில். மற்ற இருவர் ஆசுபத்திரி வார்ட்டில் இருந்தார்கள், அங்கே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். கரவெட்டிக்குக் கடிதம் கொடுத்தனுப்பினேன். நீர்வேலிக்கு நானே சைக்கிளை மிதித்தேன். வழி முழுக்க வசனம் பாடமாக்கினேன். அவருக்குக் கிடைத்த நிம்மதியை நானே பறிக்கப் போகிறேன் என்று வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. அதை நினைத்தும் பார்த்தேன் என்பதை இன்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

முற்றத்தில் எனக்கென்று வெட்டிய குலை சுவரில் சாய்ந்திருந்தது. மனைவி பிள்ளையாருக்குப் பொங்கிய பொங்கலை இலையில் கொண்டுவந்து வைத்தார். பாடமாக்கிய வசனம் ஒன்றும் வரவில்லை. "ஐயா, பிழை என்னிலை. அந்த அஞ்சு பொய்" என்றேன். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கலண்டரில் எழுதிய ஐந்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

"எத்தினை மாதத்துக்குப் பிறகு நேற்று ராத்திரித்தான் நித்திரை கொண்டனான். அதைத் திருப்பி வாங்கவோ வந்தனீர்?"

மூன்று

மறுநாள் அவர் வந்தார். இந்தமுறை இரத்தம் எடுக்கும் முன்பே ஜெனரேற்றரைப் போட்டேன். குப்பியைக் கையை விட்டு இறக்கவில்லை. பதினாலு. அவர் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அந்தக் கிழமையே கட்டிலில் ஏறினார். வெயில் தந்த ஐந்தை நம்பியிருந்தால் நோய் முள்ளந்தண்டுக்குப் போயிருக்கும் என்று வைத்தியர் பிறகு சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் இரத்தம் எடுத்தேன். மூன்று. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தேன். மூன்றேதான். துண்டை நீட்டினேன். ஐயா கையை நீட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பிறகு விறாந்தைக்கு வெளியே கிணற்றுக் கட்டைப் பார்த்தார்.

"உது கிணத்து மூண்டோ, வெயில் மூண்டோ? அதைச் சொல்லும், பிறகு வாங்கிறன்."

அன்று தொடக்கம் யார் எனக்கு நல்ல செய்தி கொண்டுவந்தாலும், சந்தோசப்படுவதற்கு முன் அதை இவ்வளவு நேரமும் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்க வாய் உன்னுகிறது.