முன்னாடி போட வேண்டிய கருவாடு

ரெங்கம்மாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. அவள் மேல் அல்ல, அவளைச் சுற்றி இருந்தவர்கள் மேல். ஒரு நாயைத் திருத்திக் காட்டியவள் அவள். மனிதர்களிடம்தான் தோற்றுத் தோற்று நொந்துபோனாள்.

திருமங்கலத்தில் பஞ்சுப்பேட்டைக்குப் பின்னால் இருந்த சந்தில் அவள் வீடு. எதிர் வீட்டு வாசலில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். இரண்டாவது ஜெர்மன் யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. அவள் புருஷன் மொக்கையன் பஞ்சு வண்டி ஓட்டுகிறவன். மதுரைக்கு வண்டி கட்டினால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. அதனால் வீட்டுக்குக் காவலாக ஒரு நாய் வளர்த்தாள். செவலை நிறம், பெயரும் செவலை. குட்டியாகப் பேட்டையில் திரிந்தபோது வண்டிக்காரர்களிடம் சாட்டையடி வாங்கி வளர்ந்த நாய். கையில் கம்போடு யாரைக் கண்டாலும் பாய்ந்துவிடும்.

எங்கள் சந்தில் யார் கையில்தான் கம்பு இல்லை? பாதிப் பேர் வண்டிக்காரர்கள். மீதிப் பேர் இந்த நாய்க்குப் பயந்து கம்பு எடுத்தவர்கள்.

அடுத்த வீட்டில் மொக்கையனின் அண்ணன் கருத்தக்கண்ணன் இருந்தார். ரெங்கம்மாளுக்கு மூத்தார் முறை. பொங்கல் கழிந்த வாரம், மாடு ஓட்டுகிற தார்க்கம்போடு வந்த அவருடைய கெண்டைக்காலைச் செவலை கவ்விவிட்டது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டார். வீங்கிய வயிற்றைச் சந்து முழுக்கக் காட்டிவிட்டுச் சொன்னார்:

"இன்னொரு தடவ இந்த நாயி ஆரு மேலயாச்சும் பல்லு வச்சுச்சு, நாய் பிடிக்கிற ஆளக் கையோட கூட்டியாந்துருவேன். அம்புட்டுத்தான்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஊசியின் வலி போட்டுக்கொண்டவனுக்குத்தான் தெரியும்.

ரெங்கம்மாள் முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். அடித்தாள், பட்டினி போட்டுக் கட்டிவைத்தாள். நாய் இன்னும் மூர்க்கமானது. பிறகுதான் ஒன்றைக் கவனித்தாள். கருவாட்டுக்காரி சீனியம்மாள் வந்தால் மட்டும் செவலை குரைப்பதில்லை, வாலை ஆட்டும். சீனியம்மாள் கையிலும் ஊன்றுகம்பு உண்டு. ஆனால் சந்து முனையில் நுழையும்போதே, நாய் வாயைத் திறப்பதற்குள், ஒரு கருவாட்டுத் தலையை வீசிவிட்டுத்தான் அவள் உள்ளே வருவாள்.

அன்றிலிருந்து ரெங்கம்மாள் மடியில் கருவாட்டுத் துண்டுகளை முடிந்துகொண்டாள். நாயோடு வாசலில் உட்கார்ந்திருப்பாள். சந்து முனையில் கம்பு தெரியும், செவலை நிமிர்ந்து பார்க்கும். உறுமுவதற்கு முன் ஒரு துண்டு விழும். உறுமிவிட்டால் ஒன்றும் கிடையாது. அடிக்கவும் மாட்டாள். கயிற்றைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், கம்பு தூரத்தில் தெரிகிற இடத்தில் மறுபடி ஆரம்பிப்பாள். "அண்ணே, அந்தக் கஜக்கோலத் தூக்கிட்டு ஒரு நடை போயிட்டு வாங்களேன்" என்று என்னையும் விடவில்லை. தைக்கிற வேலையைப் போட்டுவிட்டுத் துணி அளக்கிற கோலோடு நானும் பைத்தியக்காரன் மாதிரி நடந்தேன். மாசி பாதி கழிவதற்குள், கம்பைக் கண்டால் செவலை அவள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை.

கெடுத்தது யார்? சந்துதான். நாய் குரைத்தால் அதன் வாயை அடைக்க ஆளுக்கொன்றை வீசிவிட்டுப் போவார்கள், பணியாரமோ வடையோ. குரைத்தால் பணியாரம் கிடைக்கிறபோது எந்த நாய் வாயை மூடும்? குரைக்காதபோது போடுங்கள் என்று ரெங்கம்மாள் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். "சும்மா கெடக்குற நாய்க்கு எதுக்குத்தா போடணும்?" என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

மூத்தார் சங்கதி அதைவிட மோசம். அந்த வீட்டில் தம்பி பெண்டாட்டி மூத்தார் எதிரில் வந்து நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. எதுவானாலும் கதவுக்குப் பின்னால் நின்று அவர் மனைவி தங்கப்பொண்ணிடம் சொல்ல வேண்டும், அவள் போய்ச் சொல்லுவாள்.

"நாயி கொரைக்கிறதுக்கு முன்னாடி போடணும்னு அவுககிட்டச் சொல்லுங்கக்கா" என்று ரெங்கம்மாள் சொன்னாள். இரண்டெட்டு நடப்பதற்குள் தங்கப்பொண்ணு வாயில் அது வேறாகிவிட்டது. "நாயி கொரைக்கிறப்ப, அதுக்கு முன்னாடி போடணுமாம்."

நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தினேன். "அப்படி இல்லண்ணே! கொரைக்கிறதுக்கு முந்தியே போட்டுறணும்!"

"ஜலீல் மாப்ள, ஒங்க வீட்ல நாயே வளக்குறதில்ல. நீ சட்டையத் தையி" என்றார் கருத்தக்கண்ணன்.

மனுஷர் காதில் விழுந்ததைத் தவறாமல் செய்கிறவர், அதுதான் கொடுமை. தினமும் காலையில் கருவாட்டுத் துண்டோடு வந்து நிற்பார். செவலை குரைக்கும்வரை காத்திருப்பார். ரெங்கம்மாள் பழக்கிய பழக்கத்தில் அது பேசாமல் படுத்திருந்தால், தார்க்கம்பால் தரையைத் தட்டிக் குரைக்க வைப்பார். குரைத்ததும் கடமையாக அதன் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போவார். கதவுக்குப் பின்னால் ரெங்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

"அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்கக்கா."

"சொல்லிட்டேன்டி. அவுகதான் ஒரு நாள் தவறாமப் போடுறாகளே!"

பங்குனியில் ஒரு நாள் காலை, கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கருவாட்டை வைக்கக் குனிந்தார். கம்பின் நுனி நாயின் கண்ணுக்கு நேராக வந்தது. செவலை பாய்ந்து அவர் வேட்டியைக் கிழித்துவிட்டது. சதையில் பல் படவில்லை. ஆனால் கிழிந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டே போனவர், வெயில் ஏறுவதற்குள் நாய் பிடிக்கிற ஆளோடு வந்துவிட்டார். நீளக் கம்பு, நுனியில் கம்பிச் சுருக்கு. மொக்கையன் மதுரையில் இருந்தான்.

கதவு திறந்தது. ரெங்கம்மாள் வெளியே வந்தாள். நேராக மூத்தார் எதிரில் போய், அவர் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"முன்னாடின்னா மூஞ்சிக்கு முன்னாடியா? கொரைக்கிறதுக்கு முந்தின்னுதான் சொல்லிவிட்டேன், முந்தி! நான் ஊமையாக்கி வச்ச நாய நீங்கதான் கம்பத் தட்டித் தட்டிக் கொரைக்கப் பழக்குனீக. சுருக்கு மாட்டணும்னா ஒங்க கழுத்துல மாட்டச் சொல்லுங்க!"

அதோடு விடவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற வருஷங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கத்தினாள். நடுவில் நான் ஒன்றைப் பார்த்தேன். சுருக்குக் கம்போடு ஓர் ஆள் வாசலில் நிற்க, செவலை குரைக்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கத்துவதை நிறுத்தாமலே அவள் மடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதற்குப் போட்டாள். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கருத்தக்கண்ணன் பின்னால் நகர்ந்து நகர்ந்து தன் வீட்டுச் சுவரில் முட்டிக்கொண்டார். "சரித்தா, சரித்தா, நாய நீயே வச்சுக்க. மொதல்ல வாய மூடு" என்று சொல்லி வந்த ஆளைத் திருப்பி அனுப்பினார்.

செவலை அதன்பின் யாரையும் கடிக்கவில்லை. அவள் வாசல் வந்தால் எல்லாரும் கம்பைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள், அவள் வீட்டில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு.

ரவிக்கைத் துணி கொடுக்க வந்தவளிடம், "ஒருவழியா ஜெயிச்சிட்ட தாயி" என்றேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபம்தான் இருந்தது.

"என்னத்த ஜெயிச்சேன்? இம்புட்டு நாளாப் பதவிசாச் சொன்னேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கல. கத்துனேன், ஒடனே குடுத்துட்டாக. இந்த மனுசங்க மத்தியில நாயிகிட்ட மட்டும் கத்தாதன்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுண்ணே சொல்றது?"