எனக்கு நானே எழுதிய மன்னிப்பு

மாதக் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் தொழிற்சாலையில் குப்பைத்தொட்டி இடம் மாறும். ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கு உதிரி பாகம் செய்கிற இடம் அது. லைனில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் மாதத்துக்கு இரண்டு 'கைசன்' எழுதித் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். கைசன் என்பது வேறொன்றும் இல்லை, வேலையை இன்னும் கொஞ்சம் எளிதாக்கும் சின்னத் திருத்தம். ஜப்பான்காரர்கள் வைத்த பெயர். சின்னத் திருத்தம்தான், ஆனால் மாதம் இரண்டு வீதம் வருஷக்கணக்கில் ஒரு மனிதனுக்கு எங்கிருந்து தோன்றும்? ஆகவே ஒரு மாதம் குப்பைத்தொட்டியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்த்தி, 'முன்', 'பின்' என்று இரண்டு படம் எடுத்து, 'நடை மிச்சம்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த மாதம் வலமிருந்து இடம். அதற்கும் நடை மிச்சம். மிச்சமான நடையை எல்லாம் கூட்டினால் ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்பலாம்.

அந்தக் கைசன்களைப் படித்து மதிப்பெண் போடுவது என் வேலை. நான் சிக்ஸ் சிக்மா என்கிற தரக்கட்டுப்பாட்டுப் பயிற்சியில் பிளாக் பெல்ட் வாங்கியவன். பெல்ட் என்றதும் என் மாமனார் அதைக் கராத்தே என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். மரியாதை கூடுகிறதே என்று நானும் திருத்தவில்லை.

"சார், இந்த மாசம் தொட்டிய எங்க வெக்கட்டும்?" என்று லைன் ஆட்கள் என்னிடமே வந்து கேட்பார்கள்.

"போன மாசம் எங்க இருந்துச்சு?"

"தூணாண்ட சார்."

"அப்ப கதவாண்ட வை."

"கதவாண்ட வேற செட்டு ஆளுங்க அவங்க தொட்டிய வெச்சிக்கினு கீறாங்க சார்."

"தலையில வெச்சுக்கிட்டு நில்லு. நடையே வேணாம்."

இதையெல்லாம் யாரிடமாவது சொல்லிச் சிரிக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. வீட்டில் சொன்னால் மனைவி, "இதுக்கா உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று கவலைப்பட ஆரம்பித்தாள். அதனால்தான் பெயர் போடாமல் ஒரு வலைப்பூ தொடங்கினேன். அதற்கு 'நடை மிச்சம்' என்றே தலைப்பு வைத்தேன். எது வேலை, எது வெட்டி வேலை என்பதை, லைனில் நிற்கிறவருக்குப் புரிகிற தமிழில் எழுதுவது என் ஆசை. நடுநடுவே கொஞ்சம் நக்கலும் சேரும். அது என் சுபாவம், அடக்க முடிவதில்லை.

நக்கலில் பெரும்பங்கு எங்கள் பொதுமேலாளருக்குப் போயிற்று. மனிதர் நல்லவர்தான், மஞ்சள் கோடு என்றால் மட்டும் அவருக்கு உயிர். ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம், அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் பெயின்டில் ஒரு கட்டம் என்பது அவர் வேதம். தீயணைப்புக் கருவிக்குக் கட்டம், பூந்தொட்டிக்குக் கட்டம், கழற்றி வைக்கும் செருப்புக்குக் கட்டம். ஒருநாள் கேட்டில் படுத்திருக்கும் நாய்க்கும் கட்டம் போடச் சொன்னார். மறுவாரம் நாய் கட்டத்துக்கு வெளியே படுத்திருந்ததற்காகக் காவலாளிக்கு மெமோ வந்தது.

"நான் இன்னா சார் பண்றது? வெயிலு வந்தா அது எடத்த மாத்திக்கிது" என்றார் காவலாளி பரிதாபமாக. எங்கள் தொழிற்சாலையில் மனதாரக் கைசன் செய்த ஒரே ஜீவன் அந்த நாய்தான் என்று எனக்குத் தோன்றியது.

'மஞ்சள் கோட்டு மகாராஜா' என்று இதை வலைப்பூவில் எழுதினேன். யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று நாயை மட்டும் பூனையாக்கினேன். அந்தப் பதிவு காட்டுத்தீயாகப் பரவியது. ஒரகடத்திலிருந்து மறைமலை நகர் வரை எல்லாத் தொழிற்சாலை ஆட்களும், இது எங்கள் மேலாளரைப் பற்றித்தான் என்று கமென்ட் போட்டார்கள். மாதக் கடைசியில் கைசன் காப்பியடிக்க வருகிற கூட்டம் தனி. என் பதிவுகளையே எங்கள் ஆட்கள் படியெடுத்து என்னிடமே தருவார்கள். நானும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் பத்துக்கு ஆறு போடுவேன்.

கமென்ட் எழுதுகிறவர்களில் ஒருவர் மட்டும் நிரந்தர வாசகர். 'பி ஷிஃப்ட்' என்ற பெயரில் வருவார். எந்தக் கம்பெனி, ஆணா பெண்ணா எதுவும் தெரியாது. ஒருமுறை இப்படி எழுதியிருந்தார்: "சார், எங்க லைன்ல தண்ணி பாட்டில் வைக்க இடமில்லாம கீழ வச்சு எட்டி ஒதைச்சுக்கிட்டிருந்தோம். உங்க பதிவு படிச்சிட்டு ஆளுக்கு ஒரு கொக்கி மாட்டுனோம். யாரும் கேக்கல, மார்க்கும் இல்ல. நாங்களா செஞ்சோம்." வேலை முடிந்து படப்பையில் வீட்டுக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருட உத்தியோகத்தில் எவரும் எனக்கு இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இனி, கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைக்கு வருகிறேன். உண்மையிலேயே கிணற்றிலிருந்து கிளம்பியதுதான். எங்கள் தெருக்கோடியில் மனை போடுவதற்காக ஒரு கிணற்றை மூடினார்கள். அதன் ராட்டினத்தைப் பழைய இரும்புக் கடையில் வாங்கினேன். எங்கள் லைனுக்கு ஸ்க்ரூ நிறைந்த பெட்டி சரிவில் இறங்கும்போது, அதன் கனத்தால் காலிப் பெட்டி கயிற்றில் தானாக மேலே ஏறிவிட வேண்டும். கரண்டும் வேண்டாம், சுமக்க ஆளும் வேண்டாம். இதுதான் யோசனை. படம் வரைந்து பொதுமேலாளரிடம் காட்டினேன். "அப்புறம் பாக்கலாம்" என்றார். அப்புறம் என்பது எங்கள் தொழிற்சாலையில் வராத நாள். மனசு கேட்காமல் வீட்டிலேயே மரத்தில் சின்ன மாதிரி செய்து, படம் எடுத்து வலைப்பூவில் போட்டேன்.

ஒரு வருடம் கழித்து அவருக்கு அந்த 'அப்புறம்' வந்தது. கம்பெனிகளுக்கு இடையிலான கைசன் போட்டிக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும். கையில் குப்பைத்தொட்டியைத் தவிர வேறெதுவும் இல்லை. "அந்த ராட்டினத்தைச் செய்யுங்க. ஜெயிச்சா துணை மேலாளர் போஸ்ட் உங்களுக்குத்தான்" என்றார். இரண்டு தடவை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போன பதவி. லைனில் அமைத்தோம், அழகாக ஓடியது. அதைத் தூக்கிக்கொண்டு போட்டிக்குப் போனேன்.

நான் பேசி முடித்ததும் நடுவர் ஒருவர் மைக்கை எடுத்தார். "தம்பி, இது 'நடை மிச்சம்' வலைப்பூல போன வருஷமே வந்துடுச்சே. படம் முதற்கொண்டு அப்படியே இருக்கு" என்று பெரிய திரையில் போட்டுக் காட்டினார். திரையில் என் மர மாதிரி. அதன் பின்னால் என் வீட்டுத் திரைச்சீலை. சுவரில் என் மகளின் கிரேயான் கிறுக்கல். அரங்கம் முழுவதும் என் கூடத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திருடனாகப் பார்த்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் படமெடுத்து வேறு வைத்திருந்தேன்.

மறுநாள் பொதுமேலாளர் அறையில் விசாரணை. அவரும், மனிதவளத் துறை மேடமும், நானும். நான் படம் வரைந்து காட்டியதும், அவரே செய்யச் சொன்னதும் அன்று அவருக்கு மறந்துபோயிருந்தது.

"கம்பெனி மானம் கப்பலேறிடுச்சு" என்றார் அவர். "காப்பியடிச்சவனை வச்சுக்கிட்டு கஸ்டமருக்கு என்ன பதில் சொல்றது?"

வேலையே போகப்போகிறது என்று தெரிந்துவிட்டது. "சார், அந்த வலைப்பூ எழுதுறது நான்தான் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் நாற்காலி குலுங்கச் சிரித்தார்.

"நீங்களா? உங்க மந்த்லி ரிப்போர்ட்டைப் படிச்சா எனக்குத் தூக்கம் தூக்கமா வருது. அந்தாளு எழுதினதைப் படிச்சா வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். நீங்களாம்! மேடம், அந்த மஞ்சள் கோட்டு மகாராஜா படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்" என்றார் மேடம், தரையைப் பார்த்துக்கொண்டே.

"அது மறைமலை நகர்ல இருக்கான் பாருங்க, அந்த பிளான்ட் ஹெட்டேதான். சந்தேகமே இல்ல. பூனைக்குக் கோடு போட்டிருக்கான் முட்டாள்! பூனை நிக்குமா? நம்ம இடத்துலயும் போட்டிருக்கோம், ஆனா நாய்க்குத்தானே?" சிரித்து ஓய்ந்தவர் சட்டென்று முகம் மாறினார். "என் கீழ இருக்கிறவன் எவனாவது என்னைப் பத்தி அப்படி எழுதியிருந்தா, அன்னைக்கே ஐடி கார்டைப் புடுங்கிட்டு அனுப்பியிருப்பேன்."

"சும்மா சொன்னேன் சார்" என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, நான் எழுதியிருக்கவே முடியாது என்று அவர் அத்தனை நிச்சயமாக நம்பியதுதான் எனக்கு வலித்தது.

மேடம் ஒரு வழி சொன்னார். அந்தப் பதிவின் கீழேயே என் பெயரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக் கமென்ட் போட வேண்டும். பதிவர் மன்னித்துவிட்டால் மெமோவோடு முடித்துக்கொள்ளலாம். பதவி கிடையாது, வேலை தப்பும். மன்னிக்காவிட்டால் வீட்டுக்கு.

பொதுமேலாளரின் கம்ப்யூட்டரிலேயே உட்கார வைத்தார்கள். 'மதிப்பிற்குரிய பதிவர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தேன். 'வருந்துகிறேன்' என்று நான் அடித்ததை மேடம் 'ஆழ்ந்து வருந்துகிறேன்' என்று திருத்தினார். அனுப்பினேன். 'உங்கள் கருத்து பதிவரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்று திரையில் வந்தது. அதே கணத்தில் என் சட்டைப் பையில் போன் 'டிங்' என்றது.

மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு பதிவருக்காகக் காத்திருந்தோம். மேடம் எல்லோருக்கும் காபி சொன்னார். பதிவர் வரவில்லை. எப்படி வருவார், அவரும் காபி குடித்துக்கொண்டல்லவா இருந்தார்.

"சார், ஒரு நிமிஷம் பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்" என்று எழுந்தேன்.

கழிப்பறையில் வாளியைச் சுற்றி மஞ்சள் கட்டம், குவளையைச் சுற்றி இன்னொரு குட்டிக் கட்டம். கதவைத் தாழிட்டுக்கொண்டு போனைத் திறந்தேன். என் மன்னிப்பு என் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. 'வெளியிடு', 'நீக்கு', 'ஸ்பேம்' என்று மூன்று வழி காட்டியது. விரல் ஸ்பேமுக்குத்தான் முதலில் போயிற்று.

மன்னித்தேன் என்று எழுதினால் வேலை நிற்கும், ஆனால் ஓய்வு பெறும்வரை நான் திருடன். யோசனை இவருடையதுதான் என்று எழுதினால் நான் சுத்தமாகிவிடுவேன். திருட்டுப் பட்டம் வலைப்பூவுக்குப் போகும். 'நடை மிச்சம்' யார் என்றே எவருக்கும் தெரியாது. பெயர் இல்லாதவனுக்கு என்ன மானம் என்று நினைத்தேன். கொக்கி மாட்டியவர் நினைவுக்கு வந்தார். மகளின் பள்ளிக்கூடக் கட்டணமும் வந்தது. வெளியே யாரோ கதவைத் தட்டி, "உள்ள யாருபா, லைன் ஓடிக்கினு கீது" என்றார்கள். அவசரமாக அடித்தேன்: 'இந்த யோசனை இவருடையது. இவர் செய்து வைத்திருந்த மாதிரியைப் பார்த்துவிட்டு, கேட்காமல் எடுத்து எழுதியவன் நான். மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்தான்.' வெளியிட்டுவிட்டுக் கை கழுவினேன்.

அறைக்குத் திரும்பியபோது பொதுமேலாளர் துள்ளிக்கொண்டிருந்தார். "வந்துடுச்சு! பாருங்க மேடம், ரெஸ்பான்ஸ் டைம்! நம்ம ஆளுங்களுக்கு மெயில் போட்டா ஒரு வாரம் ஆகுது." பிறகு உரக்கப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சிவந்தது. "திருட்டுப் பய! நம்ம ஐடியாவைச் சுட்டுட்டானா? எனக்கு இப்பதான் ஞாபகம் வருது, நீங்க என்கிட்ட படம் வரைஞ்சு காட்டினீங்களே! நான்கூட அப்பவே செய்யலாம்னு சொன்னேனே!"

"ஆமா சார்" என்றேன்.

அன்றே கம்பெனி நெட்வொர்க்கில் 'நடை மிச்சம்' முடக்கப்பட்டது. மாதிரியைப் பார்க்கப் பதிவர் எப்படித் தொழிற்சாலைக்குள் நுழைந்தார் என்று கண்டுபிடிக்க ஒரு குழு அமைத்து, அதற்கு என்னையே தலைவராகப் போட்டார்கள். மூல காரணத்தைப் பிடிக்க எங்கள் முறைப்படி ஐந்து தடவை 'ஏன்' கேட்டோம். ஐந்தாவது ஏனுக்கு, கேட்டில் நாய் குரைக்கவில்லை என்பது பதிலாகக் கிடைத்தது. நாய் கட்டத்துக்கு வெளியே இருந்திருக்க வேண்டும் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. காவலாளிக்கு இன்னொரு மெமோ போயிற்று. நாய்க்குக் கட்டத்தைப் பெரிதாக்கினார்கள். அந்த அறிக்கையில் தலைவர் என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

துணை மேலாளர் பதவியும் வந்தது. புது அறைக்குப் போன அன்று, நான் உட்கார்ந்திருக்கும்போதே என் நாற்காலியைச் சுற்றி மஞ்சள் கோடு அடித்தார்கள். "பெயின்டு காயிற வரிக்கும் ஏந்திருக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டு வாளியோடு போய்விட்டார்கள்.

கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தபோது போன் 'டிங்' என்றது. ஒரு கமென்ட் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. பி ஷிஃப்ட்.

"சார், நீங்க சொந்தமா யோசிச்சு எழுதுறீங்கன்னு நெனச்சோம். கொக்கி மாட்டுன இடத்துக்கு மேல 'நடை மிச்சம்'னு எழுதி ஒட்டி வச்சிருந்தோம். நேத்து கிழிச்சிட்டோம். கொக்கி இருக்கு."

நீக்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. நான் 'வெளியிடு' என்பதைத் தொட்டேன். பதில் எழுதப் பார்த்தேன். நான் திருடவில்லை என்று எப்படி எழுதினாலும், அதை எழுதுகிறவன் திருடன் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. பெயின்ட் காயவில்லை, எழுந்து போக வழியில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.