நான் ‘எக்ஸ்பெல்’ நடத்திய நாள்

2005-ஆம் வருடம். சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த டுடோரியலில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். தகரக் கூரை, ஐந்தாறு பெஞ்சு, ஒரே ஒரு ஃபேன். அது காற்றைவிடச் சத்தத்தைத்தான் ஜாஸ்தியாகக் கொடுக்கும். ஆனாலும் நான் ராஜா மாதிரி இருந்த இடம் அதுதான். இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வினைச்சொல் எதுவானாலும் நடித்துத்தான் காட்டுவேன். ‘ஜம்ப்’ என்றால் பெஞ்சிலிருந்து குதிப்பேன். ‘ஃபெயின்ட்’ என்றால் மயங்கி விழுவேன். பசங்களுக்கு ஒரே குஷி, எனக்கு அதைவிட.

சேத்தியாத்தோப்பிலிருந்து ஓர் அக்கா புதிதாகச் சேர்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகளின் தாய். பத்தாவதில் ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டவர். இந்தத் தடவை பாஸ் செய்தால் அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போடலாம் என்று, மகளின் பழைய ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு தினமும் பஸ் ஏறி வருவார். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

அன்றைய பாடத்தில் வந்த சொல் ‘எக்ஸ்பெல்’. கதவோரம் உட்கார்ந்திருந்தவர் அந்த அக்காதான். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே போகும்படி ஆங்கிலத்தில் அதட்டினேன். பையை மாட்டிக்கொண்டு எழுந்து போனார். இதுதான் எக்ஸ்பெல் என்றேன். வகுப்பே சிரித்தது. பள்ளியிலிருந்து மாணவனை நீக்குவது, கட்சியிலிருந்து ஆளை விலக்குவது, நுரையீரல் மூச்சை வெளியே தள்ளுவது, எல்லாமே எக்ஸ்பெல்தான் என்று உற்சாகமாக அடுக்கிக்கொண்டே போனேன். அந்த ஜோரில் அவரை உள்ளே கூப்பிடவே மறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் மூன்று நாள் அவர் வரவில்லை. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லையோ என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். நாலாம் நாள், அவரோடு ஒரே பஸ்ஸில் வரும் மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அந்தக்கா, நீங்க அவங்கள வெரட்டிட்டீங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க சார். நடிப்புதான்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. புக்கெல்லாம் எங்கிட்டயே குடுத்துட்டாங்க.”

அன்று சாயங்காலமே அவளோடு பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் அந்த அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, சேரைத் துடைத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மரியாதையில் எனக்கு உடம்பே கூசியது. அர்த்தம் புரியவைக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று என்னென்னவோ உளறினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“பாடமாத்தான் இருக்கும்னு மாடிப்படியில அரைமணி நேரம் நின்னேன் சார். உள்ள எல்லாரும் சிரிச்சிக்கிட்டே இருந்தீங்க. பாடம்னா திரும்பக் கூப்புட்டிருப்பீங்கல்ல?”

மன்னித்துவிடச் சொல்லிக் கேட்டேன். அவர் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். நான் கிளம்பும்போதுதான், நாளைக்கு கிளாஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மாணவி அவருடைய புத்தகங்களைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

அந்தத் தடவை முப்பத்தெட்டு மார்க் வாங்கிப் பாஸ் செய்தார். ரிசல்ட் வந்த அன்று ஒரு பொட்டலம் ஜாங்கிரியோடு வந்து, முதலில் என் கையில்தான் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்றும் அந்தச் சொல்லை நடித்துத்தான் காட்டுகிறேன். ஆனால் வெளியே போவது நான். பிள்ளைகள் கூப்பிட்டால்தான் உள்ளே வருவேன். குறும்புக்காரர்கள் சில சமயம் வேண்டுமென்றே இரண்டு நிமிடம் கூப்பிடாமல் இருப்பார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். விளையாட்டு என்று தெரிந்த எனக்கே அந்த இரண்டு நிமிடம் தாங்குவதில்லை. அந்த அக்கா அரைமணி நேரம் நின்றிருக்கிறார்.