ஸ்டாப்பை விட்டுப் போன அண்ணி

எங்கள் அண்ணி நகரப் பேருந்து ஓட்டுநர். பதினெட்டு வருடத்தில் ஒரு நிறுத்தத்தைக்கூட நிற்காமல் கடந்ததில்லை என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. டிப்போவில் அவர் பெயரே 'பிரேக் அக்கா'.

அந்தப் பெருமைதான் ஆகாயத்தில் காலை வாரியது. ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டும் உரிமத்துக்கு இரண்டு முறை தேர்வுக்குப் போய் இரண்டு முறையும் தோற்றார். பறப்பதில் குறையில்லை. வம்பெல்லாம் இறங்குவதில்தான். உயரமோ வேகமோ கூடிப்போயிருந்தாலும், ஓடுபாதை கண்ணில் பட்டுவிட்டால் இறக்கியே தீருவார். போன தடவை அவர் இறக்கிய இறக்கில், பக்கத்தில் உட்கார்ந்து தேர்வு நடத்திய தேர்வாளரின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

"சரியா அமையலன்னா மேல ஏறி ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்ல அண்ணி?"

"ஸ்டாப் வரைக்கும் வந்துட்டு நிக்காமப் போறதா? என்ன பேச்சு தம்பி இது!"

மூன்றாவது தேர்வு. "இதுவும் போச்சுன்னா எனக்கு பஸ்ஸே போதும்" என்று சொல்லிவிட்டார். சொன்ன அன்றைக்குச் சமையலில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

தேர்வன்று காலையில் அண்ணனும் நானும் விமானத்திடலின் வேலியோரம் நின்றோம். அண்ணன் முடி திருத்துபவர். பதற்றத்தில் என் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி கோணலா இருக்கேடா, எவன் வெட்டினான்?"

"நீதான்."

மேலே மூவாயிரம் அடியில் எல்லாம் சுகமாகவே போனதாம். அண்ணி எஞ்சின் வேகத்தை நிதானப்படுத்தி, விமானத்தின் மூக்கைச் சமன்படுத்தும் ட்ரிம் சக்கரத்தை இம்மி இம்மியாகத் திருப்ப, கையை எடுத்தாலும் விமானம் ஏறாமல் இறங்காமல் மிதந்தது.

இறங்க வரும்போதுதான் காற்று பின்பக்கம் திரும்பியது. இறக்கையின் மடல்களை முழுக்க இறக்கியும் விமானம் பாதைக்கு மேலே வழுக்கிக்கொண்டே போனது. பாதிப் பாதை தீர்ந்துவிட்டது. சக்கரம் தரையைத் தொடவில்லை.

"அமுக்கப் போறா பாரு" என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

எஞ்சின் உறுமியது. விமானம் மூக்கைத் தூக்கி எங்கள் தலைக்கு மேலே ஏறிப் போனது.

"போச்சுடா! ஸ்டாப்ப விட்டுட்டா!"

ஒரு சுற்று சுற்றி, இந்த முறை மறுமுனையிலிருந்து எதிர்காற்றில் வந்து, பாதையின் தொடக்கத்திலேயே பூப்போல இறக்கினார். இறங்கி வந்தவரின் முகம் வெளுத்திருந்தது.

"சார், முதல் தடவ விட்டுட்டேன்..."

"அதைப் பாக்கத்தாம்மா மூணாவது தடவையா உங்ககூட ஏறினேன்" என்று தேர்வாளர் தாளில் கையெழுத்துப் போட்டார். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

திரும்பும்போது காரை அண்ணிதான் ஓட்டினார். முதல் பேருந்து நிறுத்தம் வந்ததும் வழக்கம்போல வேகம் குறைந்தது.

"யாருமே இல்லடி!" என்றார் அண்ணன்.

"ஓடி வந்துட்டு இருக்கலாம்ல" என்று கண்ணாடியில் பின்னால் பார்த்தார் அண்ணி.