கேமராவில் அம்சா இல்லை

“நாளைலேர்ந்து நான் வரலம்மா. நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க.”

போன திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்சா இதைச் சொன்னாள். அம்சா எங்கள் வீட்டில் வாசல் தெளித்து, கோலம் போட்டு, பாத்திரம் தேய்க்கிறவள். ரொம்ப வருஷப் பழக்கம். பிரசவத்துக்குக்கூடச் சொல்லிவிட்டுப் போய், சொன்ன தேதியில் திரும்பி வந்தவள். கோபித்துக்கொண்டு போனது இதுதான் முதல் தடவை.

காரணம்? ஒரு கேமரா. என் உள்ளங்கையில் அடங்கிவிடும். அது பண்ணின வேலையைப் பாருங்கள்!

புனேயில் இருக்கிற என் மகள் கவிதாவுக்கு எங்களைப் பற்றி ஒரே கவலை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கவலை வந்தால் ஊருக்குக் கிளம்பி வருவதில்லை... ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார்கள். அப்படி வந்து இறங்கியதுதான் இந்தக் காலிங் பெல் கேமரா. ஒயர் கிடையாது, பேட்டரியில் ஓடும். வாசலில் ஆள் நடமாடினால் தானே படம் பிடித்து போனுக்கு அனுப்பும். ‘ஒரு முறை சார்ஜ் செய்தால் ஆறு மாதம்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. அட்டைப்பெட்டியில் என்ன வேண்டுமானாலும் போடலாம், இல்லையா?

மாட்டியது என் வீட்டுக்காரர். ரிட்டயர்ட் பிசிக்ஸ் வாத்தியார். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி — தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருந்தால் அது தேவையில்லாதது என்று நம்புகிறவர். ஆறடி உயரம். தெருவில் ‘பிசிக்ஸ் சார்’ என்றால்தான் தெரியும்.

எங்கே, எந்த உயரத்தில் மாட்ட வேண்டும் என்று பெட்டிக்குள் ஒரு பேப்பர் இருந்தது. “இதையெல்லாம் படிச்சுத்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?” என்று அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த டைனிங் டேபிளின் காலுக்கு அடியில் சொருகினார். டேபிள் ஆடுவது நின்றது. அந்தப் பேப்பரால் எங்களுக்குக் கிடைத்த பயன் அவ்வளவுதான். பிறகு வாசல் சுவரில் தன் கண் மட்டத்துக்கு அளவெடுத்து, கேமராவை முடுக்கி மாட்டிவிட்டுக் கைதட்டிக்கொண்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து.

பழைய காலத்துச் சுவர். வைஃபை ஹாலைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். யாராவது பெல்லை அழுத்தினால் ஹாலில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குக் கேட்காது. புனேயில் மீட்டிங்கில் இருக்கிற கவிதாவுக்குக் கேட்கும்! உடனே போன் வரும். “அம்மா, வாசல்ல கேஸ்காரர் நிக்கிறாரு. போய்க் கதவைத் திற.” பத்தடி தூரத்தில் இருக்கிற சிலிண்டர் சமாச்சாரம் மகாராஷ்டிரா போய் எங்களிடம் வந்து சேரும்.

அடுத்தது பேட்டரி. எங்களுடையது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரத் தெரு. விடிந்தும் விடியாமலும் எதிர் வீட்டு ஏகாம்பரம் குடும்பத்தோடு, நெய்வதற்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிவிடுவார். அறுந்த இழையை முடிய, சிக்கை எடுக்க என்று ஆட்கள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடப்பார்கள். ஒவ்வொரு நடைக்கும் எங்கள் வீட்டுப் போன், ‘உங்கள் வாசலில் ஒரு நபர்’ என்று அலறும். கருட சேவையன்று கேட்கவே வேண்டாம். பெருமாளைச் சேவிக்க வந்த அத்தனை பேரையும் தனித்தனியாக எண்ணப் பார்த்துவிட்டு, போன் சூடாகிப் படுத்தேவிட்டது.

ஆறு மாதம் வர வேண்டிய பேட்டரி ஒரு வாரம்கூட வரவில்லை. பேட்டரி உள்ளே சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும், பெல் வெளியே செத்துக் கிடக்கும். வந்தவர்கள் பழையபடி கதவைத் தட்டினார்கள். என்னைக் கேட்டால், அந்த நாட்களில்தான் வீட்டில் நிம்மதி இருந்தது.

பிசிக்ஸ் சார் விடுவாரா? கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். இவர் பொறுமை காட்டுவதற்கு முன்பே “உங்கள் பொறுமைக்கு நன்றி சார்” என்றாள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னாள். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். ரவுட்டர் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னாள். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்க எழுந்திருக்காத மனுஷன், அவள் சொன்ன இடத்தில் எல்லாம் போய் நின்றார்!

கடைசியில் அவள் சொன்னாள். “உங்க தெருவுல நடமாட்டம் அதிகம் சார். சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் குறைங்க. ஒரு வீடியோவுக்கும் அடுத்த வீடியோவுக்கும் நடுவுல கேப்பைக் கொஞ்சம் கூட்டுங்க.”

கொஞ்சம் என்கிற வார்த்தை வாத்தியார் காதில் விழவில்லை. முதலாவதை அடிமட்டத்துக்கு இறக்கினார், இரண்டாவதை உச்சிக்கு ஏற்றினார். அதற்கப்புறம் பேட்டரி இறங்கவே இல்லை. வேலை செய்தால்தானே இறங்கும்! “பாத்தியா, சரி பண்ணிட்டேன்” என்று இரண்டு நாள் வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு வாரம் புனேவுக்குக் கிளம்பினோம்.

கிளம்பும்போது அம்சாவிடம் சொன்னேன். “தினமும் வாசல் தெளிச்சுக் கோலம் மட்டும் போட்டுடு அம்சா. கோலம் இல்லாத வாசலைப் பார்த்தாலே வீட்ல ஆளில்லேன்னு தெரிஞ்சுடும்.”

“நீங்க போய்ட்டு வாங்கம்மா. நான் பாத்துக்கறேன்.”

புனேயில் பேத்தியோடு விளையாட வேண்டிய மனுஷன் காலையில் எழுந்ததும் போனும் கையுமாக உட்கார்ந்தார். “இன்னிக்கு உன் அம்சா வரலை.” மறுநாள், “இன்னிக்கும் வரலை.” அதற்கு அடுத்த நாள் குரலில் ஒரு குஷியே வந்துவிட்டது. “நான் சொன்னேன்ல?” என்றார். எப்போது சொன்னார் என்று இதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் அம்சாவுக்குப் போன் போட்டேன். “தெனைக்கும் போட்டுக்கினுதாம்மா இருக்கேன். இப்பக்கூட நம்ம வாசல முடிச்சுட்டுதான் வேற வூட்டுக்கு வந்தேன்” என்றாள்.

“வாய் ஆயிரம் சொல்லும். எனக்கு எவிடென்ஸ் வேணும்” என்றார் இவர்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கே லேசாகச் சந்தேகம் தட்டியது. யோசித்துப் பாருங்கள். ஒரு மனுஷி வாயைத் திறந்து சொன்னால் ஆதாரம் எங்கே என்று கேட்கிறோம். கேமராவிடம் யாராவது ஆதாரம் கேட்டதுண்டா? அதுவும் நம் சந்தேகம் யார் மேல் போகிறது? பாத்திரம் தேய்க்கிறவள், கேஸ் போடுகிறவர், பால் பாக்கெட் போடுகிறவர். காரில் வந்து இறங்குகிற சொந்தக்காரர் மேல் ஒரு கேமராவுக்கும் சந்தேகம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஊர் திரும்பினோம். வாசலில் கோலம் இருந்தது. “நாம வர்ற நாளாச்சே, இன்னிக்கு மட்டும் போட்டிருக்கா” என்றார். திங்கள் காலையில் அம்சா வந்ததும் வாசலிலேயே மறித்துப் போனை நீட்டினார். தெரு நிறையப் பாவு. ஏகாம்பரம் வீட்டு ஆட்கள் மொத்தப் பேரும் கை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். விடிந்ததிலிருந்து தெருவிலேயே இருக்கிற அவர்களை ஒரு வார்த்தை கேட்க இவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

“இதோ பார். ஒரு வாரம். ஒரு நாள்கூட நீ இல்லை.”

“சார், நான் பொய் சொல்றேன்றீங்களா?”

“நான் சொல்லலைம்மா. கேமரா சொல்லுது.”

அம்சா போனைப் பார்க்கவில்லை. இவர் முகத்தையே பார்த்தாள். “அப்ப அந்தக் கேமராவையே பாத்திரம் தேய்க்கச் சொல்லுங்க” என்றாள். என் பக்கம் திரும்பி, நான் முதலில் எழுதிய அந்த வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போனதில் எனக்கு மிஞ்சியது முதுகுவலி. ஆனால் அம்சாவுக்குப் போனது அதைவிடப் பெரிசு. இந்தத் தெருவில் நாலைந்து வீட்டுச் சாவி அவள் கையில் இருக்கிறது. எல்லாம் அவள் வார்த்தையை நம்பிக் கொடுத்தவை. மத்தியானமே பக்கத்து வீட்டு சரோஜா வந்துவிட்டாள். “ஏங்க்கா, வராமலே வந்தேன்னு சொல்லிக்கினு இருந்தாளாமே? நாங்க அடுத்த வாரம் திருச்செந்தூர் போறோம்... சாவிய அவகிட்ட குடுக்கறதா, வேணாமா?” ஒரே காலையில் ஒருத்தியின் பேரைக் கெடுத்துவிட்டோமே!

சரோஜா போனதும் இவர் போனைப் பிடுங்கி, ஒரு வாரப் படங்களையும் நானே பார்த்தேன். ஏகாம்பரம் நடக்கிறார். பால்காரர் போகிறார். ஒரு நாய் வருகிறது, எங்கள் கேட்டில் தன் கடமையை முடித்துவிட்டுப் போகிறது. வாஸ்தவம்தான், அம்சா எங்கேயும் இல்லை.

ஆனால் படத்தின் கீழ் ஓரத்தில்?

திங்களன்று ஒரு தாமரை. செவ்வாயன்று சிக்குக் கோலம். புதனன்று இரண்டு மயில். வெள்ளிக்கிழமை சுற்றிலும் காவிப் பட்டை அடித்து, அமர்க்களமாக. நாளுக்கு ஒரு கோலம், ஈரம்கூடக் காயாத வாசலில்!

“ஏங்க... இது என்ன?”

“கோலம்.”

“யார் போட்டது?”

போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “எதிர் வீட்டுல யாராவது போட்டிருக்கலாம்” என்றார். கேட்டீர்களா? தன் வீட்டு வாசலை விட்டுவிட்டு அடுத்த வீட்டு வாசலில் மயில் போட எந்தத் தெருவில் ஆள் இருக்கிறது! ஒரு வாரம் முழுக்க இதே படங்களைத்தான் பார்த்திருக்கிறார். முகத்தைத் தேடியவர் தரையைப் பார்க்கவே இல்லை.

மறுபடி கஸ்டமர் கேர். அதே பெண்ணா, வேறு பெண்ணா தெரியாது. அதே நன்றி. “எந்த உயரத்துல மாட்டியிருக்கீங்க சார்?”

“என் கண் மட்டத்துக்கு.”

“நீங்க எவ்வளவு உயரம் சார்?”

சொன்னார். “அவ்வளவு மேலே மாட்டினா சென்சாருக்குத் தெருவுல போறவங்கதான் சார் தெரிவாங்க. வாசல்லயே குனிஞ்சு உட்கார்ந்து இருக்கிறவங்க தெரிய மாட்டாங்க. கேப்பையும் ரொம்பக் கூட்டியிருந்தா, அடுத்த வீடியோ எடுக்கறதுக்குள்ள அவங்க வேலையை முடிச்சுட்டுப் போயிடுவாங்க. நெஞ்சு உயரத்துக்கு இறக்கி மாட்டுங்க. பெட்டியில பேப்பர் வெச்சிருந்தோமே சார்?”

நான் டேபிள் காலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

கேமராவை இறக்கினார், அமைப்புகளை எல்லாம் பழையபடி வைத்தார். வேலை முடிந்தது என்று நினைத்தார் போலிருக்கிறது. “நீயே அம்சாவுக்கு ஒரு போன் போட்டு வரச் சொல்லிடேன்” என்றார். “திட்டினது நீங்க. நான் எதுக்குப் போடணும்?” என்றேன். எனக்கு அவ்வளவு கோபம் வந்து ரொம்ப நாளாகிறது.

செவ்வாய் சாயங்காலம் இரண்டு பேருமாக ஸ்கூட்டரில் ஏனாத்தூர் பக்கம் அம்சா வீட்டுக்குப் போனோம். நாற்காலி போட்டார்கள், கலர் வாங்கி வந்து கொடுத்தார்கள். இவர் கலரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தொண்டையைக் கனைத்து, “அம்சா... அன்னிக்கு...” என்று ஆரம்பித்தார்.

அம்சா கையைக் காட்டி நிறுத்தினாள். “சார், நீங்க வூடு தேடி வந்ததே பெருசு. ஆனா இங்க சொன்னா எனக்கும் எங்க வூட்டுக்காரருக்கும்தான் கேக்கும். அன்னிக்கு நீங்க சொன்னப்ப தெருவே கேட்டுக்கினு இருந்துச்சு. அந்த வாசல்லயே, பாவு போட்டிருக்கற நேரத்துல சொல்லிடுங்க சார். நான் காலைல வரேன்.”

இதில் மறுத்துப் பேச என்ன இருக்கிறது? இவர் காலி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை. தெரு நீளத்துக்குப் பாவு. அம்சா வந்து, வாசல் தெளித்து, குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் எங்கள் பக்கம் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிசிக்ஸ் சார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

“அம்சா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு” என்றார், தன் சட்டைப் பட்டனிடம்.

“சார்!” என்று தெருக்கோடியிலிருந்து ஏகாம்பரம் குரல் கொடுத்தார். “இந்தக் கோடிக்குக் கேக்கலயேப்பா!”

கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கப் பாடம் எடுத்த குரல் ஒருவழியாக வெளியே வந்தது. “அம்சா தினமும் வந்திருக்கா! நான்தான் கேமராவைத் தப்பா மாட்டி, அவளைத் தப்பா பேசிட்டேன்! மன்னிச்சுக்கோம்மா!”

பக்கத்து வீட்டு வாசலில் நின்ற சரோஜா, “நான் அப்பவே நெனைச்சேன்” என்றாள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. அம்சா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “சரி, வுடுங்க சார்” என்றாள். “காலை மட்டும் எடுங்க. கோலத்து மேல நிக்கிறீங்க.”

உள்ளே வந்து அடுப்பில் பாலை வைத்திருப்பேன், போன் அடித்தது. கவிதா.

“அம்மா! அப்பா தெருவுல நின்னு கத்தற வீடியோ இப்ப வந்துச்சு. சூப்பர் கிளாரிட்டி! சவுண்டுகூட அவ்ளோ தெளிவா இருக்கு. எங்க ஃபேமிலி குரூப்ல போட்டுட்டேன். என்னாச்சு அப்பாவுக்கு?”

வாங்கிய நாளிலிருந்து அந்தக் கேமரா உருப்படியாகச் செய்த முதல் வேலை அது. எவிடென்ஸ் கேட்ட மனுஷன் ஹாலில் உட்கார்ந்து, நான் இதை எழுதுகிற இந்த நேரத்தில் கஸ்டமர் கேர் பெண்ணிடம் மெதுவான குரலில் கேட்டுக்கொண்டிருக்கிறார் — “ஏம்மா, எடுத்த வீடியோவை அழிக்கிறது எப்படி?”