ஹெலினா அக்காவின் ஐடி

எங்கள் கல்லூரியில் மின்நூலைத் திறக்கத் தெரியாமல் யார் விழித்தாலும் ஒரே பதில்தான் வரும். "ஹெலினா மேடத்தைக் கேளுங்கள்." இருபத்தாறு வருடமாக அந்தப் பெயரை நம்பித்தான் நூலகம் ஓடியது. இன்று அதே பெயரைச் சொன்னால் ஆசிரியர்கள் அறையில் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நான் அமலா. அதே நூலகத்தின் கவுன்டரில் உட்கார்ந்து புத்தகம் கொடுத்து வாங்குகிறவள். பதினொரு மாத ஒப்பந்தம், வருடா வருடம் புதுப்பிப்பார்கள். நடந்தது முழுக்க என் கண்ணெதிரே நடந்ததால் எழுதுகிறேன்.

ஹெலினா அக்கா பிறந்து வளர்ந்தது புனேயின் கோர்ப்படியில். அப்பா ராணுவ அலுவலகத்தில் டைப்பிஸ்ட், கணவர் கிறிஸ்டோபர் ரயில்வேயில் மெக்கானிக். அக்கா எங்கள் கல்லூரிக்கு வந்தது அலமாரியில் புத்தகம் அடுக்கத்தான். அடுக்கிக்கொண்டே தபால் வழியில் நூலகப் படிப்பில் ஒரு பட்டம் வாங்கினார், பிறகு இன்னொன்று. நாற்பத்தாறு வயதில் நூலகர் பதவிக்கு வேண்டிய மாநிலத் தகுதித் தேர்வும் எழுதினார். அந்த வருடம் அவரும் மகன் ரயனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து படித்தார்களாம். அம்மா பாஸ், பன்னிரண்டாம் வகுப்பில் பையன் கோட்டை விட்டான். இதைச் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பும் வரும், அவன் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று பயமும் வரும்.

பழைய நூலகர் ஓய்வு பெற்றதிலிருந்து ஏழு வருடமாக அக்காதான் இன்சார்ஜ். வேலை முழுசு, பதவி அரைகுறை. நிரந்தர நூலகர் பதவிக்கு இந்த வருடம்தான் அனுமதி வந்தது. ஆகஸ்டில் நேர்காணல் என்றார்கள். அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. இது கைவிட்டுப் போனால் இன்னொன்று வராது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கொரோனா காலத்தில் கல்லூரியைப் பூட்டியபோதுதான் அந்த இணையவாசல் வந்தது. போர்ட்டல் என்றே எல்லோரும் சொல்வோம். வீட்டிலிருந்தே ஐடியும் பாஸ்வேர்டும் போட்டால் ஆய்விதழ்களும் மின்நூல்களும் திறக்கும். கம்பெனிக்காரர்கள் ஃபோனில் ஒன்றரை மணிநேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கழன்றுகொண்டார்கள். மீதியை அக்கா தானே நோண்டிக் கற்றார். பிறகு அறுபது ஆசிரியர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோனில் சொல்லிக்கொடுத்தார். இயற்பியல் சார் ஒருவர் மின்நூலை எந்தத் தேதிக்குள் திருப்பித் தரவேண்டும் என்று கேட்டார். அக்கா சிரிக்காமல், "உங்களுக்கு வேண்டியமட்டும் வைத்துக்கொள்ளுங்கள் சார்" என்றார். அவர் பெருமையோடு ஸ்டாஃப் ரூமில் போய்ச் சொன்னதாகக் கேள்வி.

அக்காவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. யார் என்ன படிக்கிறார்கள் என்பதை நூலகத்துக்காரர் வெளியே சொல்லக் கூடாது. திங்கட்கிழமை காலையில் போன வாரப் பயன்பாட்டு அறிக்கையை எடுப்பார். எந்த ஐடியில் எந்தப் புத்தகம், எத்தனை பக்கம் இறங்கியது என்று வரிவரியாக இருக்கும். எண்களைக் கூட்டிப் பிரின்சிபலுக்கு அனுப்புவார், பெயர்களைத் தன்னோடு வைத்துக்கொள்வார். ஒரு பேராசிரியர் ஒரு வாரம் முழுக்க விவாகரத்துச் சட்டம் படித்தார். அக்காவுக்குத் தெரியும். எனக்கே ஆறு மாதம் கழித்து, அவருடைய விவாகரத்து ஊரறிந்த பிறகுதான் தெரிந்தது. "வாசகர் பேரு நம்ம வாயில வரக்கூடாதுடி, பஸ், அவ்வளவுதான்" என்பார். இந்தக் கண்டிப்பைப் பிறகு ஒருத்தி எடுத்து அவர் கழுத்திலேயே வைத்தாள்.

அவள் பெயர் ஸ்ரீரஞ்சனி. கோயம்புத்தூர்ப் பெண், கணவன் மென்பொருள் கம்பெனியில், வீடு புனேயின் பாணேர் பகுதியில். எங்கள் கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பொருளாதாரம் நடத்த வந்தாள். நாள் முழுக்க மராத்தியும் ஹிந்தியும் ஆங்கிலமுமாக வாய் வலிக்கப் பேசிவிட்டு மதியம் நூலகத்துக்கு வந்து, "அக்கா, கொஞ்ச நேரம் தமிழ்ல பேசிக்கிறனுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். மூன்று பேரும் டிபன் டப்பாவைத் திறந்து பகிர்ந்து சாப்பிடுவோம். அக்கா அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, நானும்தான்.

மணிக்கணக்கு ஆசிரியர்களின் ஒப்பந்தம் ஏப்ரல் முப்பதோடு முடியும், ஜூலையில் மறுபடி சேர்ப்பார்கள். நடுவில் அவர்கள் ஐடி தானாகவே பூட்டிக்கொள்ளும். அந்த ஏற்பாட்டைப் போர்ட்டலில் போட்டு வைத்ததே அக்காதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்ரீரஞ்சனி பிஎச்.டி. ஆய்வேட்டை ஜூன் பதினைந்துக்குள் கொடுக்கவேண்டியிருந்தது. மே இரண்டாம் தேதி முகம் வீங்கி வந்து நின்றாள். கடைசி இரண்டு அத்தியாயத்துக்கு வேண்டியதெல்லாம் போர்ட்டலுக்குள் மாட்டிக்கொண்டது. பிரின்சிபலிடம் விதிவிலக்கு கேட்டால் கோப்பு நகர ஒரு மாதமாகும்.

அக்கா ஒரு துண்டுச்சீட்டில் தன்னுடைய ஐடியையும் பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுத்தார். அவர் தலைக்கு நேர்மேலே சுவரில், 'உங்கள் பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள்' என்று மூன்று மொழியில் அவரே ஒட்டிய நோட்டீஸ் இருந்தது. நான் அதைக் கண்ணால் காட்டினேன். "நம்ம பொண்ணுதானேடி" என்றார் அக்கா. ஸ்ரீரஞ்சனி ஆய்வேட்டைக் கொடுத்தாள், டாக்டரானாள், அடுத்த வருடமே எங்கள் கல்லூரியில் நிரந்தர இடமும் பிடித்தாள். அக்கா பாஸ்வேர்டை மாற்றவில்லை. மாற்றினால் அவளைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார். திங்கட்கிழமை அறிக்கையில் தன் பெயர் இருந்த வரியையும் அவர் பார்க்கவில்லை. தான் என்ன படித்தோம் என்பது தனக்குத் தெரியாதா?

இந்த பிப்ரவரியில் போர்ட்டலுக்கு மின்நூல்கள் தரும் பதிப்பகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரே ஐடியிலிருந்து இரண்டு நாளில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் அத்தியாயங்கள் இறங்கியிருக்கின்றன, அதனால் கல்லூரி முழுமைக்கும் இணைப்பை நிறுத்துகிறோம் என்று. ஐடி ஹெலினா அக்காவுடையது. இறக்கியவர்கள் மூன்று வெவ்வேறு ஊர்களில் இருந்தார்கள். கடைசி வருடப் பிள்ளைகள் புராஜெக்டுக்கு ஒன்றும் கிடைக்காமல் கவுன்டரில் வந்து நின்று என்னைத் திட்டினார்கள். அக்கா அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார்.

அன்று சாயங்காலமே ஸ்ரீரஞ்சனி ஓடி வந்தாள். ஆய்வு மாணவர்களின் வாட்ஸப் குழுவில் அந்த ஐடியைப் போட்டிருந்தாளாம், அதில் யாரோ சிலர் தானாக இறக்குகிற புரோகிராமை ஓடவிட்டுவிட்டார்களாம். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா, எம் பேர மட்டும் சொல்லிராதீங்க. நான் இன்னும் புரொபேஷன்லதான் இருக்கேன். தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. உங்களுக்கு இத்தன வருஷ சர்வீஸ், ஒரு மெமோ குடுப்பாங்க, அவ்வளவுதான். விசாரணைக் கமிட்டில நானும் இருப்பனுங்க. நான் பாத்துக்கறேன்."

"கமிட்டில நீயா?" என்று நான் கேட்டேன்.

"நூலகக் குழுவுக்கு நான்தானே செயலாளர்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "சரி, அழாத. நான் எப்பவுமே வாசகர் பேரு சொல்றவ இல்ல. தெரியும்ல உனக்கு?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் வாயத் திறக்கக்கூடாது. ரயன் மேல சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன். அந்தச் சத்தியத்துக்காக என்னையே நான் அறையலாம்.

விசாரணை அன்று அறிக்கைப் பிரதிகளை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஏதாவது கேட்க வேண்டியிருக்கும், ஓரமாக உட்கார் என்றார்கள். மேஜையின் அந்தப் பக்கம் பிரின்சிபல், கணினித் துறைத் தலைவர், ஸ்ரீரஞ்சனி. இந்தப் பக்கம் அக்கா மட்டும். பாஸ்வேர்டை யாருக்காவது கொடுத்தீர்களா என்று பிரின்சிபல் ஹிந்தியில் கேட்டார்.

"கொடுத்தேன் சார். தப்புதான்."

"யாருக்கு?"

"பெயரைச் சொல்ல மாட்டேன் சார். கொடுத்தது நான். தண்டனை எதுவானாலும் எனக்கே கொடுங்கள்."

அப்போது ஸ்ரீரஞ்சனி தலை நிமிர்ந்தாள். சுத்தமான ஆங்கிலத்தில், "மிஸஸ் ஹெலினா, இதன் பின்விளைவு தெரியாமலா கொடுத்தீர்கள்? நீங்களே இந்த விதியை எங்களுக்கு வகுப்பெடுத்தவர் ஆயிற்றே?" என்று கேட்டாள். அக்கா அவளைப் பார்த்தார். கமிட்டியில் இருப்பதால் ஊருக்காக அப்படிக் கேட்கிறாள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடமும் அதையே சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

கூட்டக் குறிப்பை எழுதியவள் அவள். பத்து நாள் கழித்துக் கையெழுத்துக்கு வந்தது. 'பொறுப்பு நூலகர் தொடர்ந்து அலட்சியமாக இருந்துவருகிறார். மின்வளங்களைக் கையாளும் பொறுப்புக்கு அவர் ஏற்றவரல்ல.' 'தொடர்ந்து' என்ற சொல்லின் மேல் அக்காவின் விரல் நின்றுவிட்டது.

"பேரச் சொல்லாதன்னா, சொல்லல. இத ஏன்டி எழுதினா? இத எழுதச் சொல்லி யார் கேட்டா அவள?"

அக்கா கையெழுத்துப் போட்டார். ஸ்ரீரஞ்சனி அதற்குப் பிறகு மதியம் நூலகத்துக்கு வரவில்லை. வழியில் பார்த்தால் ஃபோனைக் காதில் வைத்துக்கொள்வாள்.

ஐந்து வாரத்தில் பதிப்பகம் இணைப்பைத் திருப்பிக் கொடுத்தது. போர்ட்டலுக்கு ஒருங்கிணைப்பாளர் என்று புதிதாக ஒரு பொறுப்பை உண்டாக்கி அதை ஸ்ரீரஞ்சனிக்குத் தந்தார்கள். ஆகஸ்டில் நேர்காணல் நடந்தது. வெளியிலிருந்து வந்த நிபுணர் முதல் கேள்வியே அந்தக் கூட்டக் குறிப்பிலிருந்து கேட்டாராம். வேலை நாசிக்கிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. அக்கா வழக்கம்போல மறுநாள் ஒன்பதரைக்கு வந்து புதுப் புத்தகங்களுக்குப் பார்கோடு ஒட்டினார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

என்னால் தாங்க முடியவில்லை. சத்தியமாவது ஒன்றாவது என்று பிரின்சிபல் அறைக்குப் போய்விட்டேன். அக்கா யாருக்குப் பாஸ்வேர்டு கொடுத்தார் என்று எனக்குத் தெரியும் சார் என்று ஆரம்பித்தேன். அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். நல்ல மனிதர்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அமலா, இதை ஏன் இப்போது கிளறுகிறாய்? எனக்கு அன்றைக்கே தெரியும். ஸ்ரீரஞ்சனி மேடம் விசாரணைக்கு முன்பே தனியாக வந்து சொல்லிவிட்டார்."

ஒரு நிமிடம் எனக்கு அவள்மேல் மரியாதையே வந்துவிட்டது. தானாகவே போய் ஒப்புக்கொண்டிருக்கிறாளே!

"நீதான் வாங்கிக்கொண்டாய் என்று" என்றார் அவர். "ஒப்பந்தக்காரி, வேலை போய்விடும், மன்னித்து விட்டுவிடுங்கள் என்று உனக்காகக் கெஞ்சியதும் அந்த மேடம்தான். ஹெலினா மேடம் உன்னைக் காப்பாற்றத்தான் பெயரைச் சொல்லாமல் நின்றார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்."

நான் கத்தினேன். நான் இல்லை, அவளேதான் என்றேன். துண்டுச்சீட்டைச் சொன்னேன், வாட்ஸப் குழுவைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உனக்காக இவ்வளவு செய்தவரைப் பற்றி இப்படிப் பேசாதே என்றார்.

நூலகத்துக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பார்கோடு ஸ்டிக்கர் அவர் விரலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"உன் பேரையா?" என்றார். "உன் பேரையாடி சொன்னா? நம்மகூட உட்கார்ந்து சாப்பிட்டாளே!"

இருபத்தாறு வருடத்தில் அக்கா வேலை நேரத்தில் இருக்கையை விட்டு அப்படி எழுந்து போய் தாங்கள் பார்த்ததில்லை என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். நேராகப் பிரின்சிபல் அறைக்குப் போனார். நான் கவுன்டரில் புத்தகத்தைக் கொடுப்பதும் வாங்குவதுமாக இருந்தேன். யாருக்கு எதைக் கொடுத்தேன் என்று நினைவில்லை. இருபது நிமிடம் கழித்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேன். பேர, தேதிய, எல்லாத்தையும்."

"என்னக்கா சொன்னாரு?"

"எழுந்து நின்னு கையக் கூப்புனாருடி. 'உங்க மனசு யாருக்கும் வராது மேடம். அந்த அமலாவக் காப்பாத்த இன்னும் எவ்வளவு தூரம் போவீங்க'ன்னு கேட்டாரு."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் வாய் கோணியது. பதவி கைநழுவிப் போனபோது அழாதவர், கவுன்டரில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே, முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதார்.